காய்ந்த செடியில் மருந்து தேடியவர்

கஞ்சா என்னும் சொல் இன்று நம் நாளிதழ்களில் பெரும்பாலும் காவல் துறைச் செய்திகளில்தான் இடம்பெறுகிறது. இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது என்பதோடு செய்தி முடிந்துவிடும். அதே செடி ஒரு காலத்தில் லண்டன் மருந்துக் கடைகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிய குப்பிகளில் விற்கப்பட்டது என்பதும், அதை அங்கே கொண்டுசேர்த்தவர் கொல்கத்தாவில் வேதியியல் பாடம் நடத்திய ஓர் அயர்லாந்து மருத்துவர் என்பதும் பலருக்கு வியப்பளிக்கலாம். வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற அந்த மனிதரைத் தந்தியின் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. காலரா சிகிச்சையின் வரலாறும் நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய கஞ்சா ஆராய்ச்சியோ பாதியில் நின்றுபோன கதை. அது நின்றுபோனதற்கான காரணத்தின் பெரும்பகுதி செடி வளர்ந்த வயலில் இல்லை. அறுத்த பிறகு அது காய்ந்த களத்திலும், மாதக்கணக்கில் அடைந்து கிடந்த பெட்டியிலும் இருக்கிறது.

உரிமம் கிடைக்காத மருத்துவர்

ஓஷானஸி அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1829இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் இருந்தும் லண்டனில் மருத்துவத் தொழில் நடத்துவதற்கான உரிமம் அவருக்கு எட்டவில்லை. எனவே வேதியியல் பகுப்பாய்வைத் தொழிலாகக் கொண்டார். குழந்தைகள் வாங்கித் தின்னும் மிட்டாய்களில் நச்சு நிறமிகள் கலந்திருப்பதை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். ஒரு பொருளின் பெயரை நம்பாமல் அதற்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அப்போதே அவரிடம் படிந்துவிட்டது.

1831இல் காலரா இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை அடைந்தது. சண்டர்லாந்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓஷானஸி அங்கே சென்று நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தம் தன் நீரையும் உப்புகளையும் பெருமளவு இழந்திருப்பதைக் கண்டறிந்து, இழந்ததை நரம்பு வழியே திருப்பிச் செலுத்தலாம் என்ற கருத்தை லான்செட் மருத்துவ இதழின் வழியே முன்வைத்தார். அதை 1832இல் நோயாளிகளிடம் செய்து காட்டியவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் லட்டா. இன்று எந்த மருத்துவமனையிலும் காணக்கூடிய சலைன் புட்டியின் மூதாதையை அந்த இருவரிடமும் தேட வேண்டும். எனினும் அந்தக் கண்டுபிடிப்பு அவருக்கு லண்டனில் ஒரு வேலையைப் பெற்றுத்தரவில்லை. 1833இல் கிழக்கிந்திய கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக வங்கத்துக்குக் கப்பலேறினார்.

கேட்டறிந்த மனிதர்

கொல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கப்பட்டது. ஓஷானஸி அதன் வேதியியல் பேராசிரியரானார். இறக்குமதி மருந்துகளின் விலையும் தட்டுப்பாடும் அவரை உள்ளூர்ச் சந்தையின் பக்கம் திருப்பின. அங்கே மூட்டை மூட்டையாக விற்கப்படும் வேர்களிலும் பட்டைகளிலும் இலைகளிலும் எவை உண்மையில் மருந்து, எவை வெறும் நம்பிக்கை என்று பிரித்தறிய விரும்பினார். அந்தத் தேடலில்தான் கஞ்சா அவர் மேசைக்கு வந்தது.

1839இல் வெளியான அவருடைய கட்டுரையின் சிறப்பு அதன் வரிசையில் இருக்கிறது. முதலில் அவர் நூல்களைக் கேட்டார். ஆனால் தானாகப் படித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சமஸ்கிருத நூல்கள் சொல்வதை மதுசூதன் குப்தா, கமலகாந்த வித்யாலங்கார் ஆகியோரிடம் அறிந்தார். மதுசூதன் குப்தா, 1836இல் மனித உடலை அறுத்துப் பரிசோதித்து இந்திய மருத்துவக் கல்வியில் புதிய பாதை திறந்தவர். பாரசீக, அரபு மரபுகளை ஹூக்ளியின் சையது கெராமத் அலியிடமும், தெஹ்ரானிலிருந்து வந்திருந்த ஒரு ஹக்கீமிடமும் கேட்டார். யாரிடம் எதைக் கேட்டறிந்தார் என்பதைக் கட்டுரையிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். காலனிய அறிவியல் எழுத்தில் இந்த நேர்மை அரிது.

அடுத்து அவர் செடியைப் பார்க்கவில்லை. செடி என்னென்ன பொருளாக மாறுகிறது என்பதைப் பார்த்தார். இலைகளிலிருந்து கிடைப்பது பங்கி. பூத்த பெண்செடியைப் பிசின் நீங்காமல் காயவைத்தது கஞ்சா. பிரித்தெடுத்த பிசின் சரஸ். சர்க்கரையும் நெய்யும் பாலும் சேர்த்துச் செய்த இனிப்பு மஜூன். ஒரே செடிதான். ஆனால் அறுவடைக்குப் பின் மனிதக் கை செய்யும் வேலைக்கேற்ப அதன் வீரியமும் விலையும் உண்பவர் மீதான விளைவும் மாறின. மத்திய இந்தியாவில் தோலாடை அணிந்த ஆட்கள் வயலுக்குள் செடிகளை உரசியபடி ஓட, ஆடையில் ஒட்டிய பிசினைச் சுரண்டி உருண்டையாக்குவதையும், நேபாளத்தில் ஆடையே இல்லாமல் வெற்றுடம்பில் பிசினைச் சேர்ப்பதையும் அவர் கேட்டுப் பதிவு செய்தார். கொல்கத்தாச் சந்தையில் கஞ்சா இரண்டடி நீளக் கட்டுகளாக வந்ததையும், மங்கிய பசுமையும் தொட்டால் ஒட்டும் பிசுக்கும் அதன் அடையாளம் என்பதையும், அதைச் சாராயத்தில் கரைத்தால் நூற்றுக்கு இருபது பங்கு பிசின் சாறு கிடைப்பதையும் எழுதிவைத்தார்.

களத்தில் பிறக்கும் வீரியம்

அந்தக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்த உழைப்பை அறிய அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த அரசு அறிக்கைகள் உதவுகின்றன. வங்கத்தின் ராஜஷாஹி மாவட்டத்தில், நவ்காவ் என்ற ஊரைச் சூழ்ந்த பகுதியில் மட்டும் உரிமத்துடன் கஞ்சா பயிரிட ஆங்கிலேய அரசு பிற்காலத்தில் அனுமதித்தது. இன்று அது வங்கதேசத்தில் உள்ளது. அங்கே பூக்கும் பருவத்துக்கு முன்பே தேர்ந்த ஒருவர் வயலில் நடந்து ஆண்செடிகளை அடையாளம் கண்டு களைந்துவிடுவார். ஆண்செடி நின்றால் மகரந்தம் பரவிப் பெண்பூக்கள் விதை பிடிக்கும். விதை பிடித்தால் பிசின் குறையும்.

பனிக்காலத்தின் இறுதியில் அறுவடை. வெட்டிய செடிகளைக் களத்தில் வெயிலில் பரப்பி வாடவைப்பார்கள். பிறகு பூங்கதிர்கள் உள்நோக்கி இருக்கும்படி வட்டமாக அடுக்கி, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்தபடி சுற்றி வருவார்கள். போரடிக்கும் களத்தில் மாடுகள் சுற்றி வருவதைப் போன்ற காட்சி அது. மிதிபட்ட கதிர்களில் பிசின் பரவி, தனித்தனிப் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகும். வேண்டாத இலைகள் உதிரும். அதன்பின் குவித்துப் பாயால் மூடுவார்கள்; மீண்டும் பிரித்து உலர்த்துவார்கள்; மீண்டும் மிதிப்பார்கள். இப்படிச் செய்தது தட்டைக் கஞ்சா. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு காலடியில் கதிர்களை உருட்டி எடுத்தது உருண்டைக் கஞ்சா. உதிர்ந்த துகள்களுக்குச் சூர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி வரி.

நம்மூரில் புகையிலையைப் பாடம் போடுவது என்பார்களே, அதற்கு இணையான வேலை இது. அவசரமாகக் காயவைத்தால் பச்சை வாடை போகாது. இலை கருகிப் பொடியாகும். ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எப்போது பரப்புவது, எப்போது மூடுவது என்பதைக் கையும் மூக்கும்தான் சொல்ல வேண்டும்.

இதன் வேதியியல் பிற்காலத்தில்தான் தெளிவானது. பச்சைச் செடியில் போதைப்பொருள் அமில வடிவில் உறங்கிக்கிடக்கிறது. வெப்பம் பட்டு அந்த அமிலப் பகுதி கழன்ற பிறகே அது டிஎச்சி எனப்படும் வீரியமிக்க பொருளாக மாறுகிறது. காற்றும் ஒளியும் சூடும் மேலும் தொடர்ந்து பட்டால் அந்த வீரியம் சிதைந்து, வலுக்குறைந்த கன்னாபினால் என்ற வேறொரு பொருளாகிவிடும். குறைவான பதமும் கேடு; கடந்துபோன பதமும் கேடு. நவ்காவ் உழவருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் பதம் தெரியும்.

நாயும் நோயாளிகளும்

ஓஷானஸி காய்ந்த கதிர்களைச் சாராயத்தில் கொதிக்கவைத்து, அந்தக் கரைசலைக் கொதிநீரின் ஆவியில் வற்றவைத்துப் பிசின் சாற்றை எடுத்தார். அதை மனிதர்களுக்குக் கொடுக்குமுன் விலங்குகளிடம் சோதித்தார். பத்து கிரெயின் நேபாளச் சரஸ் உண்ட நடுத்தர அளவுள்ள ஒரு நாய் தூங்கி வழிந்தது. இடையிடையே விழித்து மனநிறைவோடு வாலாட்டியது. கூப்பிட்டால் தள்ளாடி வந்தது. ஆறு மணி நேரத்தில் பழையபடி துள்ளியது. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். இறைச்சி உண்ணும் விலங்குகளும் பறவைகளும் மீன்களும் விரைவில் மயங்கின; குதிரை, ஆடு, மாடு போன்றவற்றிடம் பெரிய மாற்றம் இல்லை. இவற்றையெல்லாம் குறித்துவைத்த பின்பே மருத்துவமனைக்குள் நுழைந்தார்.

அவருடைய மாணவர்கள் சிலர் தாமாக முன்வந்து மருந்தை உண்டனர். அவர்களில் அடக்கமான ஓர் இளைஞன் தன்னை அரசனாக எண்ணி அரசவைக்கு ஆணைகள் பிறப்பித்ததை அவர் எழுதியிருக்கிறார். மூட்டுவாத நோயாளிகளுக்கு ஒரு கிரெயின் அளவு கொடுத்தபோது சிலருக்கு வலி தணிந்தது. ஒருவருக்கோ கைகால்களை எந்த நிலையில் வைத்தாலும் அப்படியே நிற்கும் விறைப்பு ஏற்பட்டது. எதிர்பாராத இந்த விளைவையும் அவர் மறைக்கவில்லை. பிறந்து நாற்பது நாளே ஆன ஒரு குழந்தையின் இடைவிடாத வலிப்பு, வேறு எதற்கும் அடங்காதிருந்து, இந்த மருந்துக்கு அடங்கியது.

மனத்தை விட்டு அகலாதது வெறிநாய்க்கடி நோயாளி ஒருவரின் கதை. தண்ணீரின் ஓசையைக் கேட்டாலே உடல் நடுங்கிய அந்த மனிதருக்கு மணிக்கொரு முறை பிசின் உருண்டை கொடுக்கப்பட்டது. சில வேளை கழித்து அவர் அமைதியாகப் பேசினார், ஆரஞ்சுச் சுளையைச் சுவைத்தார், சோறு விழுங்கினார். சில நாட்களில் இறந்தார். ஓஷானஸி அதை வெற்றி என்று சொல்லவில்லை. நோயை வெல்ல முடியாதபோதும் சாவின் கொடுமையைக் குறைக்க முடிந்தது என்பதை மட்டும் பதிவு செய்தார். மருத்துவத்தின் எல்லையையும் கடமையையும் ஒருசேர உணர்ந்த மனம் அது.

கடல் கடந்தபோது

1841இல் விடுப்பில் இங்கிலாந்து திரும்பியபோது அவர் கஞ்சாவையும் உடன் கொண்டுசென்றார். லண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்குவயர் அதிலிருந்து சாறு தயாரித்தார். வலி, தூக்கமின்மை, இசிவு என்று பல நோய்களுக்கு ஆங்கிலேய மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுக்கத் தொடங்கினர். 1843இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

ஆனால் லண்டனில் அவர் ஒரு சிக்கலைக் கண்டார். கொல்கத்தாவில் அரை கிரெயினிலேயே தெளிவான விளைவு தெரிந்தது. லண்டனில் அதே விளைவுக்குப் பத்து, பன்னிரண்டு கிரெயின் வரை கொடுக்க வேண்டியிருந்தது. நாடும் உடலும் உணவும் வேறு என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெக்கையில் கிடந்து வந்த சரக்கு, கொல்கத்தாச் சந்தையில் அவர் வாங்கிய அதே சரக்காக இருந்திருக்க முடியாது என்பதை இன்றைய வேதியியல் சொல்கிறது.

1844இல் இந்தியா திரும்பிய ஓஷானஸியை வேறொரு பணி ஆட்கொண்டது. 1839இலேயே கொல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் கம்பி இழுத்துத் தந்திச் சோதனை நடத்தியவர் அவர். டல்ஹவுசி பிரபு அவரிடம் தந்திப் பணியை ஒப்படைத்தார். 1851இல் கொல்கத்தாவையும் டயமண்ட் துறைமுகத்தையும் இணைத்த கம்பி, 1855க்குள் ஆக்ரா, பம்பாய், மதராஸ் வரை நீண்டது. 1856இல் சர் பட்டம் கிடைத்தது. 1860களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி, பெயரை ஓஷானஸி புரூக் என்று மாற்றிக்கொண்டார். 1889 ஜனவரியில் சவுத்சீயில் மறைந்தார். கஞ்சா பற்றிய ஆராய்ச்சியை அவர் மீண்டும் கையிலெடுக்கவில்லை.

குப்பிக்குள் புகுந்த ஐயம்

அவர் விட்டுச்சென்ற மருந்தோ மெல்ல மதிப்பிழந்தது. ஒரு குப்பி நோயாளியை மயங்கவைத்தது. அடுத்த குப்பி தண்ணீரைப் போல் பயனற்றிருந்தது. விக்டோரியா அரசியின் மருத்துவர்களில் ஒருவரான ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 1890இல் இம்மருந்தைப் புகழ்ந்து எழுதியபோதும், தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறுவதால் மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும் என்று எச்சரித்தார். 1890களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர்கள் சரஸிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த பொருள் கன்னாபினால். அதுதான் வீரியத்தின் மூலம் என்று அவர்கள் கருதினர். உண்மையில் அது வீரியம் சிதைந்ததன் எச்சம். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 1964இல்தான் இஸ்ரேலின் கவோனியும் மெக்கூலமும் டிஎச்சியைத் தூய வடிவில் பிரித்து அதன் கட்டமைப்பை வெளியிட்டனர்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஊசியில் செலுத்தத்தக்க மார்பீனும், அளவு பிசகாத ஆஸ்பிரினும் தூக்க மாத்திரைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. 1925இல் ஜெனீவா ஒப்பந்தம் இந்தியக் கஞ்சாவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1932இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்தும், அடுத்த பத்தாண்டில் அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. சட்டம் கதவைச் சாத்துவதற்கு முன்பே மருத்துவர்களின் நம்பிக்கை குறைந்திருந்தது. அந்த நம்பிக்கையைக் குலைத்ததில், எப்படிக் காய்ந்தது, எவ்வளவு நாள் கிடந்தது என்று யாரும் கேட்காத சரக்குக்குப் பெரும் பங்குண்டு.

1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, களத்தில் நடப்பதை அடி அடியாகப் பதிவு செய்தது. அந்த ஏழு தொகுதிகள் வரி விதிப்போருக்குப் பயன்பட்டன. மருந்து தயாரிப்போர் அவற்றை அதே அக்கறையோடு படித்திருந்தால், எந்த மாதத்தில் அறுத்த, எந்த முறையில் பதப்படுத்திய, எத்தனை மாதப் பழைமையுள்ள சரக்கு என்று கேட்டு வாங்கியிருப்பார்கள். ஓஷானஸி பண்டிதரையும் ஹக்கீமையும் கேட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் யாரையும் கேட்கவில்லை.

அளவில்லாதது மருந்தாகாது

2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கஞ்சாச் செடியிலிருந்து பெற்ற கன்னாபிடயால் என்ற தூய பொருளுக்கு, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இரு கடும் வலிப்பு நோய்களுக்கான மருந்தாக ஒப்புதல் அளித்தது. நாற்பது நாள் குழந்தையின் வலிப்பைக் கொல்கத்தாவில் ஓஷானஸி அடக்கியதாக எழுதி ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து, மருத்துவம் அதே வாசலுக்கு வந்து நின்றது. இம்முறை அதன் கையில் அளவுகோல் இருந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடிகள் வரை வளர்க்கலாம். அங்கே வீட்டில் வளர்ப்போர் இருண்ட அறையில் கதிர்களைத் தொங்கவிட்டு மெல்ல உலர்த்தி, கண்ணாடிக் குடுவைகளில் பதப்படுத்துகிறார்கள். நவ்காவ் களத்தின் கவலைகள் இன்று அந்த அறைகளுக்கு இடம்பெயர்ந்துள்ளன. நவ்காவிலோ 1987இல் பயிர் நிறுத்தப்பட்டது.

இதைச் சொல்வது கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அன்று. இளம் மூளைக்கும் மனநலத்துக்கும் அது விளைவிக்கும் கேடு மெய்யானது. 1985ஆம் ஆண்டின் சட்டப்படி நம் நாட்டில் கஞ்சாவை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமே. தெருவில் கைமாறும் பொட்டலத்தின் பெரிய ஆபத்துகளில் ஒன்று அதன் வரலாறின்மை. எங்கே அறுத்தது, எந்த ஈரத்தில் அடைத்தது, எதைக் கலந்தது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நூற்றாண்டுக்கு முன் லண்டன் குப்பியைக் கெடுத்த அறியாமையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

மூலிகை மருந்துகளைப் பெரிதும் போற்றும் நாடு நம்முடையது. அந்தப் போற்றுதல் செடியின் பெயரோடு நின்றுவிடுகிறதா, அதைப் பறித்துக் காயவைத்துக் காப்பவரின் கைவரைக்கும் செல்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த மூலிகையானாலும் பறித்த பருவம், உலர்த்திய முறை, சேமித்த காலம் ஆகியவை தெரியாமல் அதன் வீரியத்தைப் பற்றிப் பேசுவது வெறும் நம்பிக்கையே. மிட்டாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தொடங்கிய ஓஷானஸி, கஞ்சாக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்டார். அந்தக் கேள்வியைச் சேமிப்புக் கிடங்கு வரை, கப்பல் வரை, குப்பி வரை யாரேனும் தொடர்ந்து கேட்டிருந்தால், வலியில் துடித்த பலருக்கு ஒரு மருந்து இன்னும் முன்னதாகவே கிடைத்திருக்கலாம்.